திண்டுக்கல் – சேவுகம்பட்டி மலையடிவார மிதிவண்டிச் சுற்று

திண்டுக்கல் நகரில் புறப்பட்டு, செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி, சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களைத் தொட்டு மீண்டும் திண்டுக்கல் வந்து சேரும் சாலைகளை இணைத்தால், மிதிவண்டியில் ஒரே காலையில் முடிக்கத்தக்க ஒரு சுற்று கிடைக்கிறது. கீழ்ப்பழனி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி இது செல்கிறது. மொத்தத் தொலைவு ஏறக்குறைய 80 முதல் 90 கிலோமீட்டர். மலைப்பாதை எதிலும் ஏறாமல் மலையின் அருகே சென்று வருவதால் இது நடுத்தரக் கடினம் உடையது. சில மாதங்கள் தொடர்ந்து மிதிவண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதை மேற்கொள்ளலாம்.

இந்தச் சுற்றில் களைப்பைத் தருவது மேடு அன்று. காற்று, வெயில், நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஆகிய மூன்றுமே ஓட்டுநரைச் சோதிக்கின்றன. எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் சுற்றுவது என்பதைச் சரியாகத் தீர்மானித்தால் பாதிக் கடினம் குறைந்துவிடும்.

நில அமைப்பு

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 265 மீட்டர் உயரத்திலும், வத்தலக்குண்டு சுமார் 320 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நகருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலை நிற்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. பழனி மலையின் கிழக்குப் பகுதி உயரம் குறைந்தது என்பதால் கீழ்ப்பழனி மலை எனப்படுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசை போன்ற ஊர்கள் அதன்மேல் உள்ளன. மேற்குப் பகுதியான மேல்பழனி மலையில் கொடைக்கானல் உள்ளது.

சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட சமவெளியில்தான் இந்தச் சுற்று அமைகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தட்டையாகத் தெரியும் இந்தச் சமவெளி உண்மையில் இரண்டு ஆற்றுப் படுகைகளின் எல்லை. ஆத்தூர்ப் பகுதியில் மலையிலிருந்து இறங்கும் நீர் குடகனாறாகி வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியைச் சேர்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே அய்யம்பாளையத்துக்கு மேற்கில் இறங்கும் மருதாநதி வைகையின் துணையாறு. ஆகவே செம்பட்டியிலிருந்து அய்யம்பாளையம் வரும் மிதிவண்டி, காவிரிப் படுகையிலிருந்து வைகைப் படுகைக்குக் கடந்துவிடுகிறது. எந்தப் பெயர்ப்பலகையும் இந்த எல்லையைக் காட்டுவதில்லை. ஒரே மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு கரூர்ப் பக்கமும் இன்னொரு பங்கு மதுரைப் பக்கமும் பிரிந்து போகும் இடம் இது.

வழித்தடம்

திண்டுக்கல் முதல் செம்பட்டி வரை

முதல் பகுதி தேசிய நெடுஞ்சாலை 183இல் தென்மேற்கு நோக்கிச் செல்கிறது. திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கும் அதைக் கடந்து கேரளத்துக்கும் செல்லும் சாலை இதுவே. தேனிப் பேருந்துகளும், சபரிமலைப் பருவத்தில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், காய்கறி லாரிகளும் இதில் மிகுதி. செம்பட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் ஆகிய நான்கு பக்கச் சாலைகளும் இங்கே சந்திக்கின்றன. தேநீர்க் கடைகளும் மிதிவண்டி, இருசக்கர வண்டி பழுது பார்க்கும் இடங்களும் உள்ளதால் முதல் நிறுத்தத்துக்கு ஏற்ற ஊர்.

செம்பட்டி முதல் அய்யம்பாளையம் வரை

செம்பட்டியில் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பி மேற்கே செல்ல வேண்டும். சுற்றின் அழகான பகுதி இங்கே தொடங்குகிறது. சாலை குறுகுகிறது, லாரிகள் குறைகின்றன, எதிரே மலை நெருங்கி வருகிறது. சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பகுதிகளின் வயல்களும் தோப்புகளும் குடகனாற்று நீரையும் கண்மாய்களையும் நம்பியவை. ஆத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆதாரங்களில் ஒன்று. மலையிலிருந்து வரும் நீரை ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது, ஆற்றின் போக்கில் கீழே உள்ள ஊர்களுக்கு எவ்வளவு விடுவது என்பது இவ்வட்டார விவசாயிகளிடையே வழக்காக இருந்து வந்துள்ளது. சாலையோரத்தில் வறண்ட ஓடையாகத் தெரியும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பாசனக் கணக்கில் இருப்பது.

சித்தையன்கோட்டையைக் கடந்ததும் தென்னந்தோப்புகள் அடர்ந்து விடுகின்றன. அய்யம்பாளையம் தென்னைக்குப் பெயர் பெற்றது. இங்கு வளரும் நெட்டை வகை ‘அய்யம்பாளையம் நெட்டை’ என்றே அறியப்படுகிறது. செம்பட்டியிலிருந்து அய்யம்பாளையம் வரையிலான தொலைவு ஏறத்தாழ 16 முதல் 18 கிலோமீட்டர். வழி நெடுக மெல்லிய ஏற்றம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வேகம் குறைவதை வைத்துத்தான் அது தெரியவரும். புதிதாக வருபவர்கள் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கிப் பார்ப்பதும் உண்டு.

அய்யம்பாளையம் முதல் சேவுகம்பட்டி வரை

அய்யம்பாளையத்தில் இடப்பக்கம் திரும்பித் தெற்கே சென்றால் சில கிலோமீட்டரில் பட்டிவீரன்பட்டி வருகிறது. கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களின் காப்பியும் ஏலக்காயும் இறங்கி வரும் ஊர் இது. தோட்டங்களில் பறித்துக் காயவைத்த காப்பிக் கொட்டையின் மேல்தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைகளும் இங்கே உண்டு. நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் பிறந்த ஊரும் இதுவே. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்தது.

பட்டிவீரன்பட்டியை அடுத்து சேவுகம்பட்டி. நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. சுற்றில் மலைக்கு மிக அருகே செல்லும் பகுதி இத்துடன் முடிகிறது. தொலைவுக் கணக்கிலும் பாதி கடந்தாகிவிட்டதால் நீண்ட ஓய்வுக்கு ஏற்ற இடம். இவ்வூரின் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் தை மாதத் தொடக்கத்தில் நடக்கும் வாழைப்பழச் சூறை புகழ்பெற்றது. நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாக வாழைப்பழங்களைக் கொண்டுவந்து வழிபட்டபின் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிடித்து எடுத்துச் செல்வார்கள். பொங்கல் விடுமுறையில் இந்தச் சுற்றை மேற்கொள்பவர்கள் அன்று ஊருக்குள் கூட்டம் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சேவுகம்பட்டி முதல் வத்தலக்குண்டு வரை

இது சில கிலோமீட்டர் மட்டுமே. வத்தலக்குண்டு, கொடைக்கானல் செல்லும் வண்டிகள் நின்று செல்லும் ஊர். வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும் சுற்றுலா வண்டிகளால் நெரிசல் மிகும். தமிழ் வாசகர்களுக்கு இவ்வூர் வேறு வகையில் தெரிந்தது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜம் ஐயரும், ‘மணிக்கொடி’க் காலச் சிறுகதையாசிரியர் பி. எஸ். ராமையாவும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் இங்கே பிறந்தவர்கள். ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பாவும் இவ்வூரோடு தொடர்புடையவர்.

திரும்பும் வழி

வத்தலக்குண்டிலிருந்து இடப்பக்கம் திரும்பி மீண்டும் நெடுஞ்சாலை 183இல் வடகிழக்கே சென்றால் செம்பட்டி, பிறகு திண்டுக்கல். செம்பட்டிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதியை இருமுறை கடப்பதால் சுற்றின் வடிவம் முழு வட்டமாக இராது. கைப்பிடி உள்ள வாணலி போல இருக்கும்.

ஒரே சாலையில் திரும்ப விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வத்தலக்குண்டிலிருந்து பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற நிலக்கோட்டைக்குச் சென்று, கொடைரோடு ரயில் நிலையம் உள்ள அம்மையநாயக்கனூர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44ஐ அடையலாம். அதில் வடக்கே வந்தால் காந்திகிராமமும் சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியும் வழியில் உள்ளன. காந்திகிராமம் 1947இல் டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவியது. இது முழுமையான வட்டம்தான். ஆனால் நெடுஞ்சாலை 44 நான்கு வழிச் சாலை; மதுரைக்கும் வடக்கே உள்ள நகரங்களுக்கும் இடையே வேகமாகச் செல்லும் கனரக வண்டிகள் மிகுந்தது. அனுபவம் குறைந்தவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்றமும் காற்றும்

திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 55 மீட்டர். இதை ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு 16 சென்டிமீட்டர் மட்டுமே. ஓடைகளிலும் பாலங்களிலும் இறங்கி ஏறுவதைச் சேர்த்தாலும் இது சிறியது.

காற்றின் கணக்கு வேறு. மிதிவண்டி ஓட்டுநர்மேல் மோதும் காற்றின் எதிர்ப்பு, வண்டியும் காற்றும் சேர்ந்த வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை எடுத்துக்கொள்வோம். எதிரே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அவர் மேல் மோதும் காற்றின் வேகம் 35 ஆகிறது. 35ஐ 20ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 3. அதாவது அதே வேகத்தில் செல்லக் காற்றுக்கு எதிராக மும்மடங்கு விசை தேவை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை என்றால், கூடுதலாகத் தேவைப்படும் இந்த விசை, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரும் மேட்டில் ஏறுவதற்குச் சமம். நிலத்தின் சராசரி ஏற்றத்தைவிட இது பத்து மடங்குக்கும் மேல். இந்தச் சுற்றில் உண்மையான மேடு காற்றுதான் என்று சொல்வது இதனால்தான்.

காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்ற பழமொழி இவ்வட்டாரத்துக்கும் பொருந்தும். அக்காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. காலையில் காற்று ஓரளவு தணிந்திருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். எனவே விடிந்ததும் புறப்பட்டால், மென்மையான எதிர்க்காற்றில் போய், வலுத்த பின்காற்றில் திரும்பலாம்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நிலை தலைகீழ். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று போகும்போது தள்ளிவிடும். அப்போது உடல் களைப்பே தெரியாது. ‘இன்று நன்றாக ஓட்டுகிறோம்’ என்ற எண்ணம் வரும். வத்தலக்குண்டில் திரும்பிய பிறகுதான் அந்த உதவி காற்றினுடையது என்பது புரியும். ஆகவே இம்மாதங்களில் வத்தலக்குண்டை அடையும்போது பாதிக்கும் மேற்பட்ட வலு மீதம் இருக்க வேண்டும். சேவுகம்பட்டிவரை வேகமாக ஓட்டிவிட்டு செம்பட்டியில் தளர்ந்து உட்கார்வது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

பருவமும் நேரமும்

திண்டுக்கல் வட்டாரம் தென்மேற்குப் பருவ மழையைப் பழனி மலையிடம் இழக்கும் மழைமறைவுப் பகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. மழைநாள்களில் ஓடைப் பாலங்களில் நீர் ஏறுவதுண்டு. மருதாநதி அணை நிறைந்து உபரிநீர் திறக்கப்படும்போது ஆற்றங்கரைப் பகுதிகளுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். அந்நாள்களில் தரைப்பாலங்களைக் கடக்கக் கூடாது.

மார்ச் முதல் மே வரை பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும். ஜனவரியும் பிப்ரவரியும் வெப்பம் குறைந்து, வானம் தெளிந்து, மலை துலக்கமாகத் தெரியும் மாதங்கள். முதல்முறை மேற்கொள்பவர்களுக்கு இவையே ஏற்றவை.

மணிக்கு 18 கிலோமீட்டர் என்ற அமைதியான வேகத்தில் 85 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4 மணி 45 நிமிடம் ஆகும். ஓய்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சேர்த்தால் ஆறு மணி நேரம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் நண்பகலுக்குள் முடித்துவிடலாம். கோடையில் அரைமணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, விடியும்வரை முன்னும் பின்னும் விளக்கு எரிய ஓட்டுவது வழக்கம்.

காலைப் பயணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தென்மேற்கு நோக்கிச் செல்லும் ஓட்டுநருக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். அவருக்குச் சாலை நன்றாகத் தெரியும். ஆனால் எதிரே வரும் வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். முந்துவதற்காக வலப்பக்கம் ஏறிவரும் வண்டியின் ஓட்டுநர் மிதிவண்டியைக் காணாமல் போகக்கூடும். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சாலையின் இடது ஓரத்தை விட்டு நகராமல், முந்தி வரும் வண்டியைக் கண்டால் இறங்கி நிற்கத் தயாராக இருப்பதே பாதுகாப்பு.

சுற்றும் திசை

மேலே சொன்னபடி செம்பட்டி, அய்யம்பாளையம், சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு என்ற வரிசையில் செல்வது இடஞ்சுழியாகச் சுற்றுவது. இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், இடப்பக்கத் திருப்பத்தில் எதிர்வரிசை வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. இந்த வரிசையில் செம்பட்டித் திருப்பம் ஒன்றுதான் பெரிய வலத்திருப்பம். அதையும் காலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் கடந்துவிடலாம். தலைகீழ் வரிசையில் வந்தால் வத்தலக்குண்டு நெரிசலில் ஒன்றும், அய்யம்பாளையத்தில் ஒன்றுமாக வலத்திருப்பங்கள் அமையும். சந்தேகம் வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

மிதிவண்டியும் கருவிகளும்

பந்தய மிதிவண்டி இருந்தால்தான் இச்சுற்று முடியும் என்பதில்லை. கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியில் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்பல்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், ஒருமுறை மிதிக்கும்போது பின்சக்கரம் ஏறக்குறைய 2.4 சுற்று சுற்றும்; வண்டி 5.4 மீட்டர் அளவுக்கு நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். சமவெளிக்கு இது போதும். எதிர்க்காற்று வலுக்கும்போதுதான் கியரின் பயன் தெரியும். அழுத்தி மிதிப்பதைவிட, இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முறைக்கு அருகே விரைந்து மிதிப்பது முழங்காலுக்கு நல்லது.

இருக்கையின் உயரம் முக்கியமானது. மிதி கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் ஐந்தாறு கிலோமீட்டரில் தெரியாத வலி 50 கிலோமீட்டரில் தெரியும்.

இவ்வட்டாரத்தில் டயருக்குப் பகை சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையோரங்களிலும் சாலையோரங்களிலும் வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து சிதறும் முட்கள் டயரை எளிதில் துளைத்துவிடும். ஓய்வுக்காக மண்ணில் இறங்கும்போது வண்டியை உருட்டாமல் தூக்கி வைப்பது நல்ல பழக்கம். மிகக் குறுகிய டயரைவிட 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் கிராமச் சாலைகளுக்கு ஏற்றது. மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்பிகள், சிறு பம்பு, பங்சர் ஒட்டும் பொருள்கள், கியர் வண்டிக்கு ஏற்ற சாவிகள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சாதாரண பங்சர் கடைகள் வழியில் உண்டு. மெல்லிய பந்தய டியூப் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீரும் உணவும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் நீர் தேவை. கோடையில் இன்னும் கூடும். தாகம் எடுத்த பிறகு குடிப்பதைவிட, கால் மணிக்கு ஒருமுறை சில மடக்குகள் குடிப்பது நல்லது. தோப்புகள் நிறைந்த பகுதி என்பதால் இளநீர் எளிதில் கிடைக்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் மிகுதியாக வெளியேறுவது சோடியமே. எனவே இளநீரை மட்டும் நம்பாமல் உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும்முன் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வாழைப்பழம், கடலைமிட்டாய், பேரீச்சை போன்றவற்றைச் சிறிதளவு உண்ணலாம். திண்டுக்கல் பிரியாணியைத் திரும்பி வந்த பின் சாப்பிடுவதே உடலுக்கு நல்லது. நடுவில் வயிறு நிறைந்தால் கால் ஓடாது.

தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல், நடுக்கம் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே நிழலில் படுத்து, உடலை நீரால் நனைத்துக் குளிர்விக்க வேண்டும். பயணத்தைத் தொடரக் கூடாது.

சாலைப் பாதுகாப்பு

சுற்றின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெடுஞ்சாலையில் அமைவதால் பாதுகாப்பே முதன்மையானது. தார் போட்ட ஓரப்பட்டை உள்ள இடங்களில் அதற்குள் ஓட்ட வேண்டும். ஓரப்பட்டை முடியும் இடத்தில் திடீரென்று சாலைக்குள் ஏறக் கூடாது. பின்னால் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, இடைவெளி கிடைத்தபின் ஏற வேண்டும். குழுவாகச் சென்றாலும் நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதே முறை. பேருந்து நிறுத்தங்களில் பேருந்துக்கும் சாலை ஓரத்துக்கும் இடையில் நுழைவது ஆபத்து. இறங்குபவர்கள் மிதிவண்டியைக் கவனிப்பதில்லை.

தலைக்கவசம், பளிச்சென்ற நிறச் சட்டை, பகலிலும் மினுக்கும் பின்விளக்கு ஆகியவை செலவு குறைந்த பாதுகாப்பு. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் தானியம் உலர்த்துவது வழக்கம். அதன்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும். உழவரின் உழைப்பும் சிதறும். நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டுவதைவிட, இறங்கி வண்டியை இடையில் வைத்து நடப்பது பெரும்பாலும் பலன் தரும்.

மலையடிவாரத் தோட்டங்களில் யானை, காட்டுமாடு ஆகியவற்றின் நடமாட்டம் உண்டு. எனவே அய்யம்பாளையத்துக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் மேற்கே உள்ள சாலைகளில் இருள் பிரியும்முன்போ மாலை மங்கிய பின்போ செல்லக் கூடாது. அவசர மருத்துவ உதவிக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 ஆகிய எண்களை அழைக்கலாம்.

வட்டாரத்தில் மிதிவண்டி

இந்தச் சாலைகளில் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் சிலரே. பள்ளி மாணவர்களும், தோட்ட வேலைக்குச் செல்பவர்களும், பால்காரர்களும், தேங்காயும் கீரையும் விற்பவர்களுமே பன்னெடுங்காலமாக மிதிவண்டியின் உண்மையான பயனாளர்கள். 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி. எஸ். ஏ. வண்டிகள் தமிழகக் கிராமங்கள் எங்கும் பரவின. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிறரை எதிர்பார்க்க வேண்டியிராத நிலையை அது பல பெண்களுக்குத் தந்தது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் முதலில் பட்டியலின, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கப்பட்டு, பின்னர் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. காலை எட்டரை மணிக்குச் சித்தையன்கோட்டையிலோ பட்டிவீரன்பட்டியிலோ சாலையை நிறைக்கும் மிதிவண்டிகளில் பெரும்பகுதி இத்திட்டத்தில் வந்தவையே.

இதனால் நெடுஞ்சாலையில் ஓரப்பட்டை இல்லாமல் போவதும், அதன்மேல் கடையோ வண்டியோ நிற்பதும் வாரத்தில் ஒருநாள் வந்துபோகும் பயிற்சி ஓட்டுநரைவிட, நாள்தோறும் இருமுறை செல்லும் மாணவியைத்தான் மிகுதியாகப் பாதிக்கின்றன. மிதிவண்டிக்கு ஏற்ற சாலை என்பது பொழுதுபோக்கு வசதி மட்டும் அன்று.

விரிவாக்கங்கள்

கூடுதல் தொலைவை விரும்புபவர்கள் மூன்று கிளைகளைச் சேர்க்கலாம்.

மருதாநதி அணை: அய்யம்பாளையத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மலையடியில் உள்ளது. அணையின் உயரம் சுமார் 74 அடி. போய்வர அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

காமராஜர் நீர்த்தேக்கம்: ஆத்தூர் வழியாகச் செல்ல வேண்டும். முழுச் சுற்றுக்கு நேரமில்லாதவர்கள் திண்டுக்கல்லிலிருந்து இதுவரை மட்டும் வந்து திரும்பினால் அரைநாளுக்கும் குறைவான பயணம் ஆகும்.

தாண்டிக்குடி மலைப்பாதை: சித்தரேவு வழியாக மலையேறி, வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ள தடியன்குடிசையையும், காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ள தாண்டிக்குடியையும் அடைவது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்துக்கு ஏறுவதால் இது நடுத்தரப் பயணம் அன்று. தனி நாளும், நல்ல தடைக்கட்டைகளும், மலையேறிய அனுபவமும் தேவை. இறங்கும்போது தடையைத் தொடர்ந்து அழுத்தியபடியே வந்தால் சக்கர விளிம்பு சூடாகும். விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

தொலைதூர மிதிவண்டிப் பயணத்துக்குத் தயாராகும் இளைஞர்களுக்கும் இச்சுற்று நல்ல படிக்கட்டு. பிரான்சில் தோன்றி உலகெங்கும் நடைபெறும் பிரெவே பயணங்களில் தொடக்கநிலைத் தொலைவு 200 கிலோமீட்டர். அதை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். சேவுகம்பட்டிச் சுற்று அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இதை ஆறு மணி நேரத்துக்குள், களைத்து விழாமல் முடிக்கும் ஒருவர் அடுத்த நிலையை நம்பிக்கையோடு எண்ணிப் பார்க்கலாம்.